குளிர் அறைக் கதவில் இருந்த முள்

அந்தக் கதவில் கண் உயரத்துக்கு, உள்ளே எவ்வளவு குளிர் என்று காட்டும் ஒரு வட்ட மீட்டர் இருந்தது. கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு முள். சில நாட்கள் அந்த முள்ளை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பார்த்ததாக என் மனைவியின் தம்பியிடம் பொய் சொன்னேன். உள்ளே தொங்கிய இறைச்சி கெட்டுப்போனது. கேட்டவர்களிடம் அது அவன் பொறுப்பு என்றேன். சுற்றி வளைத்துச் சொல்லும் வயது எனக்குப் போய்விட்டது.

அமீரகத்தில், அல் ஐனிலிருந்து பாலைவனத்துக்குள் பிரியும் சாலையில் இருந்த ஒரு தனியார் பண்ணைக்கு நான் மேனேஜர். விவசாயம் படித்தவன். பண்ணை முதலாளியை நாங்கள் எல்லோரும் அர்பாப் என்றே அழைத்தோம். அவர் பேரீச்சை வைத்திருந்தார், வீட்டுச் சாப்பாட்டுக்கென்று மாடும் வளர்த்தார். அங்கே வெட்டிய அன்றே சமைப்பதுதான் வழக்கம். ஆனால் அர்பாப் எப்போதோ வெளிநாட்டில் சிகிச்சைக்குப் போன இடத்தில், வாரக்கணக்கில் தொங்கவிட்டுப் பதப்படுத்திய இறைச்சியைச் சாப்பிட்டு, அந்த ருசியிலேயே திரும்பி வந்தார். பம்ப் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு குளிர் அறை கட்டினார். சில்லர் என்போம். அதற்கு ஆள் வேண்டும் என்றபோது ஊரில் குடித்துக்கொண்டு திரிந்த மைத்துனனை விசா எடுத்து வரவழைத்தேன். 'வேலை அவனை நிறுத்தும்' என்று மனைவியிடம் சொன்னேன். நிறுத்தவும் செய்தது.

மாட்டை வளர்த்தது அவன்தான். காய்ந்த குப்பூஸ் ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுப்பான். வெட்டும் நாளுக்கு முந்திய நாள் தீனியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் காட்டுவான். அறுப்பதற்கு டவுனிலிருந்து பாகிஸ்தானி பாய் வருவார். அவர் பிஸ்மில்லா சொல்லிக் கத்தியை வைக்கும் வரை அவன் தொழுவத்துக்குப் பின்னால் நின்று பீடி குடிப்பான். பிறகு வந்து தோலை உரிக்கக் கை கொடுப்பான். முதுகெலும்போடு ரம்பத்தால் இரண்டாகப் பிளந்து, பின்னங்காலில் கொக்கி போட்டு, ஒன்றை ஒன்று தொடாமல் கம்பியில் தொங்கவிடுவார்கள். சில நாளில் மேற்பரப்பு காய்ந்து கருத்து இறுகும். அதை அவன் 'சட்டை போட்டுக்கிச்சு' என்பான். காலம் முடிந்ததும் அந்தச் சட்டையைச் சீவி எறிந்து, துண்டு போட்டு, காற்றுப் புகாத பைகளில் அடைத்து, ஃப்ரீஸரில் அடுக்காமல் பரப்பி வைப்பான். குவித்து வைத்தால் நடுவில் உறைவதற்கு முன்பே கெட்டுவிடும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். மீட்டரை நம்பாதே, அதன் உணரி குளிர்க்குழாய் ஓரத்தில் இருக்கிறது, உள்ளே போய் மோந்து பார், தொட்டுப் பார் என்று சொன்னதும் நான்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

என் மகன் குழந்தையாக இருந்தபோது பிழைக்கமாட்டான் என்று ஆனது. பிழைத்தால் என்னை மலைக்கு அனுப்புவதாக மனைவி வேண்டிக்கொண்டாள். இறைச்சி கெட்ட அந்த வருடம்தான் மாலை போட்டேன். விரதம் இருந்துகொண்டு மாட்டிறைச்சி தொங்கும் அறைக்குள் போக முடியாது. மைத்துனனே அதை முதலில் சொன்னான். "நீங்க அந்தப் பக்கமே வராதீங்கத்தான். சில்லர நான் பாத்துக்கிடுறேன். நீங்க சாமியப் பாருங்க."

அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காளை ஒன்றை வெட்டித் தொங்கவிட்டிருந்த சமயம் அது. அர்பாபின் மூத்த மகனுக்குக் கல்யாணம், சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் அந்த இறைச்சிதான் பங்கு போக வேண்டும். ஆட்கள் தங்கும் கேம்ப் ரூமில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தான். நான் படுக்கச் சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன். தினமும் கதவு வரைக்கும் போனேன். முள் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றது. அவ்வளவுதான், திரும்பிவிட்டேன். தோட்டத்து ஆட்கள் யாரையாவது உள்ளே அனுப்பியிருக்கலாம். சாவியை வேறு ஒருவர் கையில் கொடுத்தால் அர்பாப் கோபிப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"உள்ள போனீங்களாத்தான்? சட்டை போட்டுருச்சா?"

"போட்டிருச்சு. நல்லாத்தான் இருக்கு."

"மாலையோடயா போனீங்க?"

"சாமி ஒண்ணும் நினைக்காது. நீ தூங்கு."

அவன் கண் கலங்கியது. எனக்காகவா என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன். நான் செய்ததிலேயே கேவலமானது அந்தத் தலையாட்டல்தான்.

உள்ளே காற்றாடி நின்றுபோயிருந்தது. குளிர்க்குழாயில் பனி கட்டிக்கொண்டு, அதன் ஓரத்தில் இருந்த உணரி மட்டும் ஜில்லென்று இருந்தது. அறை சூடாகிவிட்டது. முள் நகரவில்லை. காய்ச்சல் விட்டு அவன் வேலைக்கு வந்த அன்று காலை, பங்கு போடுவதற்காக அர்பாபும் மகனும் வந்தார்கள். கதவைத் திறந்தவன் மைத்துனன். நாற்றம் முற்றம் வரைக்கும் வந்தது. இறைச்சி பச்சையாகி, தொட்டால் வழுக்கியது. அர்பாப் கத்தவில்லை. "ஹராம், ஹராம்" என்று இரண்டு கையையும் விரித்தார். ஓர் உயிரை எடுத்து ஒருவர் வாய்க்கும் போகாமல் செய்தது அவருக்குப் பாவம். பிறகு என்னைப் பார்த்து, இது யார் பொறுப்பு என்று கேட்டார்.

"சில்லர் அவன் டூட்டி, அர்பாப்" என்றேன்.

மைத்துனன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக் காலருக்குள் தெரிந்த மாலையைப் பார்த்தான். அது அந்த அறைக்குள் போகவே இல்லை என்பது அவனுக்கு அந்த நொடியில் புரிந்தது. வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன். அவன் திறக்கவில்லை. "கலாஸ்", முடிந்தது என்று சொல்லிவிட்டு அர்பாப் காரில் ஏறினார். பேரீச்சைக்கு அப்பால் மணலில் அவனே குழி வெட்டி, அவனே வளர்த்த காளையைக் கூறு கூறாகப் புதைத்தான். அதே வாரம் விசா கேன்சல் ஆனது.

"குடிச்சுட்டுக் கிடந்துட்டானா?" என்று மனைவி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அதையே அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அவனைப் போனில் கூப்பிட்டு, காது கூசும்படி திட்டினாள். மானத்தை வாங்கிவிட்டான் என்று அவன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. சொந்தக்காரர்கள் அவள் சொன்னதை நம்பினார்கள். ஊரில் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கறிக்கோழிக் கடையில் அவன் கூலிக்கு நின்றான். மறுபடி குடிக்கத் தொடங்கினான் என்று கேள்விப்பட்டேன். பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே என்பதுபோல மனைவி என்னைப் பார்த்தாள்.

ஓய்வு பெற்று மகன் வீட்டோடு வந்த பிறகு பரிகாரம் தேடிக் கிளம்பினேன். அர்பாப் இறந்துவிட்டார். அவருடைய மூத்த மகனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எனக்குக் காவா என்ற அரபுக் காபியை ஊற்றிக் கொடுத்து, மரியாதையாகக் கேட்டுவிட்டு, எந்த மாடு என்றார். அவருக்கு நினைவே இல்லை. அடுத்து ஊருக்குப் போனேன். மைத்துனனுக்கு ஈரல் போய்விட்டிருந்தது. வயிறு வீங்கி, கட்டிலில் சாய்ந்திருந்தான். காலைத் தொடக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டான்.

"அன்னைக்கே தெரியுமேத்தான். இப்ப எதுக்கு?"

"அக்காகிட்டச் சொல்லிடப் போறேன்."

"சொல்லாதீங்க. என்னத் திட்டித் திட்டியே அவ மனச ஆத்திக்கிட்டா. உங்களத் திட்ட அவளுக்குத் தெம்பு கிடையாது. அந்த வேண்டுதல வேற யோசிப்பா."

நான் கேட்கவில்லை. என் பாரம் இறங்கினால் போதும் என்று இருந்தது. திரும்பி வந்து சொன்னேன். அவள் அழவில்லை. "அவனுக்கு நெசமாவே காய்ச்சலா?" என்று கேட்டாள். பிறகு, "நான் வேண்டிக்கிட்டதுக்காகவா?" என்றாள். பிழைத்த மகன் அடுத்த அறையில் லேப்டாப்பில் யாருடனோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். இரண்டாவது முறையும் என் பழியை இன்னொருவர் தலையில்தான் இறக்கியிருந்தேன்.

அவள் ஊருக்குப் போய்த் தம்பியின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவனுக்கு அப்போது ஆளையே தெரியவில்லையாம். காரியம் முடிந்த பிறகும் அவள் திரும்பி வரவில்லை, அந்த வீட்டிலேயே இருக்கிறாள். மகனுக்குப் போன் செய்கிறாள். என்னைக் கேட்பதில்லை.

மகன் வீட்டு சமையலறையில் உயரமான ஃப்ரிட்ஜ் இருக்கிறது. கதவில் நீல வெளிச்சத்தில் எண் தெரியும். தினமும் கதவைத் திறந்து, உள்ளே கையை நீட்டி, விரல் மரத்துப்போகும் வரை வைத்திருப்பேன். இன்றைக்கும் மருமகள் பார்த்துவிட்டாள்.

"என்ன மாமா, அதான் வெளியிலேயே டிஸ்ப்ளே காட்டுதே. எதுக்குச் சும்மா சும்மா திறக்கிறீங்க?"

சரியம்மா என்று கதவை மூடினேன். அவள் ஹாலுக்குப் போனதும் மறுபடி திறந்தேன்.