கல் கேட்டு உட்கார்ந்தவர்கள்

டெக்சாஸில், தன் வீட்டுத் தெருவின் குறுக்கே காலி வாளிகளை வரிசையாக வைத்து, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்த ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். ஊர்க்குழாய் உடைந்து தண்ணீர் நின்றுபோயிருந்தது. கோவளத்தில் பிறந்தவனுக்கு இதற்கு வேறு வைத்தியம் தெரியாது. குடம் கிடைக்காததால் வாளி. அதிகாரி யாராவது வந்து கெஞ்சுவார், கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு எழுந்திருக்கலாம் என்பது திட்டம்.

வந்தவர் பக்கத்து வீட்டு டேல். "நல்ல யோசனை, தெருவுக்கே ஒரே இடத்தில் நிரப்பிவிடலாம்" என்று என்னைப் பாராட்டிவிட்டு, தன் கிணற்றுத் தண்ணீரை வண்டியில் கொண்டுவந்து அத்தனை வாளிகளையும் நிரப்பினார். அரசாங்கத்தைக் கேட்க வேண்டாமா என்றேன். "எதற்கு? வந்தால் என் கிணற்றுக்கும் மீட்டர் வைப்பார்கள்." அன்றே அவருக்குச் சீடனாகிவிட்டேன். அவர் வண்டி ஓடிவந்த சாலையை யார் போட்டது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த உபதேசத்தைச் சுமந்துகொண்டுதான் போன விடுமுறைக்குக் கோவளம் வந்தேன். தங்கை கணவர் ஜமாலின் நாஸ்தா கடைக்கும் அலைக்கும் நடுவே, இப்போது ஒரு படகை இழுத்துப் போடக்கூட மணல் இல்லை. அடுத்த புயலுக்குக் கடை இருக்காது. அலைத் தடுப்புக்குக் கல் கொட்டச் சொல்லி மறுநாள் ஊரே ஈ.சி.ஆரில் மறியலுக்கு உட்காரப்போவதாகச் சொன்னார். நான் ஆரம்பித்தேன்: எதற்கெடுத்தாலும் அரசாங்கமா? நாமே சேர்ந்து செய்யக் கூடாதா?

ஜமால் பரோட்டா மாவை அடிப்பதை நிறுத்தவில்லை.

"போன மழைல படகு கவுந்து ஒருத்தன் பூட்டான். அவன் வூட்டுக்கு இன்னிக்கும் ஊருதான் மீன்ல பங்கு குடுத்துகினு கீது. எந்த ஆபீசரையாவது கேட்டமா? நம்மளால ஆவறத நாம பாத்துக்கறோம். கடல நிறுத்த ஆவுமா மச்சான்? அதுக்குத்தான கவுருமெண்டு. இல்ல, நீ சூட்கேஸ்ல கல்லு கொண்டாந்துகீறியா?"

டேலுக்கு, கேட்பதே மானக்கேடு. ஜமாலுக்கு, கேட்டும் செய்யாவிட்டால் அது அரசாங்கத்தின் மானக்கேடு. இரண்டு பேர் சொல்வதும் சரியென்று படுகிறவன் நிம்மதியாகத் தூங்க முடியாது. காலையில் நானும் போய்ச் சூடேறிய தாரில் உட்கார்ந்தேன். எந்தக் கட்சி என்று எனக்கே தெரியாததால் எல்லோரையும்விட உரக்கக் கத்தினேன்.

வழக்கம்போல் போலீஸ் வந்து, எல்லோரையும் கல்யாண மண்டபத்தில் உட்கார்த்தி வைக்க வேனில் ஏற்றியது. நானும் ஒரு காலை வைத்தேன். ஜமால் இன்ஸ்பெக்டரின் காதில் ஏதோ சொன்னார். என்னை மட்டும் இறக்கிவிட்டார்கள். வேன் போனபின், மகாபலிபுரம் பஸ்கள் ஹாரன் அடித்தபடி என்னைச் சுற்றிக்கொண்டு போயின. எந்த ஓரத்துக்கு ஒதுங்குவது என்று தெரியாமல் நடுரோட்டில் நின்றேன்.

சாயங்காலம் ஜமால் சிரித்துக்கொண்டே திரும்பினார். அதிகாரி மண்டபத்துக்கே வந்து, இந்த மாதமே கல் இறக்குவதாக ஒப்புக்கொண்டாராம்.

"அது கிடக்கட்டும், இன்ஸ்பெக்டர் காதுல இன்னா சொன்ன?"

"அவர வுட்ருங்க சார், ஊர் சுத்திப் பாக்க வந்தவருன்னேன்."