முதல் டேப்பில் பிள்ளையார்

மருமகள் செல்வி போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஏல விலை, இருப்பு, லோடு எல்லாவற்றையும் ஒரே திரையில் போட்டுக் காட்டியிருந்தாள்.

நேற்று முதலாளி பார்த்துவிட்டு, "என்ன தாயி, சந்தக்கட மாதிரி கெடக்கு? நாளைக்கும் இப்படியே இருந்தா இந்தச் சோலியே வேணாம். பழையபடி போர்டுல எழுதிக்கிறேன்" என்றுவிட்டார்.

இன்று காலையில் வீட்டில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, பிள்ளை வாடிய முகத்தோடு எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக, தனித்தனி டேப்பாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல பிள்ளையாருக்கு ஒண்ணு வையி ஆத்தா" என்றேன்.

"அத்தே, இது கடைக் கணக்கு."

"அதுனாலதான் சொல்றேன்."

நான் விடுகிற ஆளா? பஸ்சுக்கு நேரமாகிறதே என்று முதல் டேப்பில் பிள்ளையார் படத்தை மட்டும் போட்டுவிட்டு ஓடினாள்.

மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். முதலாளி அப்போதுதான் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பிள்ளையாரைக் கண்டதும் எழுந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, தலையில் குட்டிக்கொண்டார்.

"இப்பத்தான் தாயி லட்சணமா இருக்கு. இனிமே இதே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வேலை தப்பியது. செல்வி என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையாரைப் பார்த்தேன்.

வாசலிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்: "தாயி, இன்னைக்கு ஏல வெல என்ன?"

அது இரண்டாவது டேப்பில் இருக்கிறது. பிள்ளையாரைக் கும்பிட்டதோடு திரும்பிவிடுகிற மனிதரை அடுத்த சன்னதிக்கு எப்படிக் கூட்டிப்போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.