கதையைக் கூப்பிட மறுத்த சிறுமிகள்

பிளாக்டவுனில் எங்கள் நூலகத்துக்குச் சனிக்கிழமைகளில் சுவாஹிலிக் கதை சொல்ல ஒரு கென்யப் பெண் வருவார். மஞ்சள் தலைத்துணி, உட்கார்ந்திருக்கும் கதிரையையே அதிரவைக்கும் சிரிப்பு. பெயரை நான் கேட்டதேயில்லை. தன் கென்யத் தோழியோடு போகும் என் மகளுக்கு அவர் 'கதை அன்ரி'.

"ஹதிதி, ஹதிதி!" என்று கூவிவிட்டுக் காதருகே கையைக் குவிப்பார். கதை, கதை என்று அர்த்தம். பிள்ளைகள் "ன்ஜோ!", அதாவது "வா!" என்று கத்தினால்தான் கதை தொடங்கும். அது அவர்கள் ஊர் வழக்கம்.

ஒரு சனிக்கிழமை, எப்போதும் கொண்டுவரும் அதே படப்புத்தகம். அதில் தம்பி மரமேறி யானைக்கூட்டம் பார்ப்பான். அக்கா பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர் சுமப்பாள். அன்ரி கூவினார். பையன்கள் கத்தினார்கள். சிறுமிகளில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகளின் பக்கம் குனிந்தேன். "கூப்பிடு பிள்ளை, அவ பாத்துக்கொண்டு நிக்கிறா."

"மாட்டன் அம்மா. முதல்ல அக்காவை மரத்தில ஏறச் சொல்லுங்கோ."

என்ன சொல்கிறாள் என்று அன்ரி கேட்டார். தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடிக் கதிரைக்கடியில் தள்ளிவிட்டு மறுபடி கூவினார். இந்த முறை சிறுமிகள்தான் முந்தினார்கள்.

"ன்ஜோ!"

அன்று அக்கா மரமேறினாள். தம்பி தண்ணீரைப் பாதி வழியிலேயே கொட்டினான்.

முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். "வாராவாரம் அதே புத்தகத்தை எதற்குத் தூக்கி வந்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒருத்தியாவது மறுக்கட்டும் என்றுதான்" என்று சிரித்தார்.

கதை சொல்பவர் அல்லவா, அது உண்மைதானா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் என் மகள் போட்ட சத்தத்தில் வாசலில் போனவர்கள் திரும்பிப் பார்த்தது உண்மை.