டிரம் அடிப்பவள் பார்க்கும் பக்கம்

சந்திரகலாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில், எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்பும் வேலை அவளுடையது. இருபத்திரண்டு வருடமாக அதுதான். முப்பது லோரிகளுக்கு இரண்டு கைப்பேசிகள். ஆபீஸில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும்.

வழி தவறிய டிரைவர் யாராவது கூப்பிட்டால் எந்த ரோட்டில் இருக்கிறாய் என்று அவள் கேட்பதில்லை. அது தெரிந்தால் அவன் ஏன் கூப்பிடப் போகிறான்? "கண்ணுக்கு முன்னால என்ன தெரியுது, அத மட்டும் சொல்லு" என்பாள். அவன் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் டயர்க் கடையையும் சொல்வான். அடுத்த நிமிடம் அவனை வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளிடம்தானே தெரிந்தவர்கள் எல்லோரும் வழி கேட்பார்கள்? கிள்ளான் ஆற்றில் டிராகன் படகுப் போட்டி வந்தால் செந்தூலிலிருந்து, பிரிக்பீல்ட்ஸிலிருந்து, பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரே கேள்விதான்: எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது? இந்த வருடம் போட்டிக்கு முந்தின நாளே குரல்பதிவு ஒன்றை எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.

"பாலத்துல ஆளுங்க நடக்கிற கீழ்த்தட்டுக்கு வந்துருங்க. நிழல் இருக்கு, காத்து வரும், படகு முடிக்கிற கோடு கண்ணுக்கு நேரா. எட்டரைக்கு மேல வந்தா இடம் இல்ல, என்னைய திட்டக்கூடாது. பிள்ளைங்கள கூட்டிட்டு வரவங்க அந்தாண்ட புல்தரைக்கு போங்க, தொப்பி முக்கியம். நாசி லெமாக் பஸ் ஸ்டாண்டுகிட்ட நிக்கிற மலாய் ஆன்டிகிட்ட வாங்குங்க, பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துடும். வடைக்கு பாலத்தடியில தனலெட்சுமி அக்கா, வேற யார்கிட்டயும் வாங்காதீங்க. படகு கிளம்புற எடத்துக்கு மட்டும் போயிடாதீங்க. அங்க ஒண்ணும் தெரியாது, திங்கவும் ஒண்ணும் கெடைக்காது."

அவளுடைய மகள் ஷாமினி அந்தப் படகுகளில் ஒன்றில் இருக்கிறாள். இருபது பெண்கள் துடுப்புப் போட, படகின் முன்முனையில் உட்கார்ந்து டிரம் அடிப்பவள் அவள்தான். திங்கட்கிழமை பினாங்கில் புது வேலையில் சேர்கிறாள். இந்தக் குழுவோடு இதுதான் கடைசிப் போட்டி.

ஞாயிறு காலை காரில் வரும்போது ஷாமினி குனிந்து காலணியைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "இன்னைக்கு பார்க்க வருவீங்களாம்மா?"

"என்ன கேள்வி இது? மூணு வருஷமா வரேனே. வீடியோ காட்டல?"

"வீடியோ பார்த்தேன். உங்களதான் ஒரு தடவகூட பார்த்ததில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் சந்திரகலா பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். ஷாமினி சாதாரணமாகத்தான் சொன்னாள். பள்ளி ஆண்டு விழாக்களில் மேடையிலிருந்து அம்மாவைத் தேடித் தேடி, ஏதாவது ஒரு கண்டெய்னர் துறைமுகத்தில் சிக்கிக்கொண்ட நாளாகவே அது இருந்துவிட, நாலாம் வகுப்போடு தேடுவதையே நிறுத்திக்கொண்ட பெண் அவள். எதையும் எதிர்பார்க்காத அந்தக் குரல் இன்றும் அப்படியே இருந்தது.

இன்றைக்கு அவள் கண்ணில் பட்டே தீர வேண்டும் என்று சந்திரகலா முடிவு செய்தாள். பாலத்தின் கீழ்த்தட்டில், முடிவுக்கோட்டுக்கு நேர் மேலே, கம்பியோடு ஒட்டி நின்றாள். சிவப்புச் சட்டை. கையில் சிவப்புக் குடை. தகுதிச் சுற்றில் ஷாமினியின் படகு பாய்ந்து வந்தபோது ஒரு கைப்பேசி அடித்தது. கம்பெனி டிரைவர் ஜீவன், குடும்பத்தோடு வந்திருந்தான்.

"அக்கா, கார் எங்க போடறது?"

"மீன் பாசாருக்கு பின்னால போடுலா" என்று கத்திவிட்டுக் குடையை ஆட்டினாள். படகு இரண்டாவதாகக் கோட்டைக் கடந்து, பாலத்தடியில் நுழைந்து மறைந்தது. இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றாயிற்று. ஷாமினி திரும்பவே இல்லை.

கீழே இறங்கிப் போய் வடை வாங்கினாள். தனலெட்சுமி கரண்டியை எண்ணெயிலிருந்து எடுக்காமலே சிரித்தாள்.

"குடைய யாருக்கு ஆட்டுன? மூணு வருஷமா எங்கிட்ட வடைய வாங்கித் தின்னுட்டு மகளோட முதுகுக்கு கைதட்டிக்கிட்டு இருக்க."

"என்னக்கா சொல்றீங்க?"

"டிரம் அடிக்கிற பிள்ள துடுப்பு போடறவங்கள பார்த்துல்ல உக்காந்திருக்கு? படகு போற பக்கம் பார்த்துக்கிட்டு யாருக்கு அடிக்கிறது?"

சந்திரகலா கடித்த வடையைத் தாளிலேயே திரும்ப வைத்தாள். அவளுக்கு இது தெரியாததல்ல. வீட்டில் இருக்கும் வீடியோக்களில் எல்லாம் ஷாமினியின் கொண்டைதான் தெரிகிறது. அவள் யோசித்ததெல்லாம் தனக்குப் படகு தெரியுமா என்றுதான். படகிலிருப்பவளுக்கு என்ன தெரியும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. டிரைவர்களிடம் தினம் கேட்கும் கேள்வியை இப்போது தன்னையே கேட்டுக்கொண்டாள். ஷாமினியின் கண்ணுக்கு முன்னால் என்ன தெரியும்? இருபது முகங்கள். அவற்றுக்குப் பின்னால் சுக்கான் பிடிப்பவள். அவளுக்கும் பின்னால், படகு கிளம்பும் படித்துறை.

இறுதிப் போட்டிக்கு இருபது நிமிடம் இருந்தது. படித்துறை ஐந்நூறு மீட்டர் தூரம்தான். ஆனால் கரையோரமெங்கும் தடுப்பு வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் அவளே வரச்சொன்ன கூட்டம். குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு ரயில் பாதைச் சுவரோரமாகச் சுற்றிப் போனாள். கால் ஓட, கைப்பேசியும் ஓயவில்லை.

"ஆன்டி, நாசி லெமாக் முடிஞ்சிருச்சாம். வேற எங்க சாப்பிடலாம்?"

"பசிச்சா தண்ணி குடி" என்று வைத்தாள்.

மறுபடி ஜீவன். "அக்கா, பாலத்துக்கு வந்துட்டோம். நீங்க எங்க?"

"கிளம்புற எடத்துக்கு போறேன்."

"அங்க ஒண்ணும் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? போய் என்னத்த பார்க்க போறீங்க?"

"நான் பார்க்க போகல ஜீவன்."

படித்துறை வாசலில் ஆரஞ்சு அங்கி போட்ட ஒருவர் கயிற்றைப் பிடித்து நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும்.

"அக்கா, இங்கேருந்து ரேஸ் தெரியாது. பாலத்துக்கு போங்க."

"பாலத்துக்கு ஊரையே அனுப்பினது நான்தான். கொஞ்சம் வழி விடுங்க அண்ணே."

அவளுடைய மூச்சிரைப்பைப் பார்த்தோ என்னவோ, அவர் கயிற்றைத் தூக்கினார். படித்துறை விளிம்பில் அவளைத் தவிர பார்வையாளர் யாருமில்லை. நான்கு படகுகள் வரிசையில் நின்றன. இரண்டாவது படகின் முனையில் ஷாமினி, முகம் இந்தப் பக்கம். மூன்று வருடத்தில் முதல்முறையாக, டிரம் அடிக்கும் மகளின் முகத்தைச் சந்திரகலா பார்த்தாள். நெற்றி சுருங்கி, உதட்டைக் கடித்து, துடுப்புக்காரிகளை ஒவ்வொருவராக எடை போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள் சந்திரகலா. இரண்டு கைப்பேசிகளையும் பைக்குள் போட்டாள். வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் விளிம்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஊதல் ஒலித்தது. டிரம்மில் முதல் அடி விழுந்தது. தண்ணீரைக் கிழித்துப் படகுகள் பாய்ந்தன. ஷாமினியின் கண்கள் முதல் வரிசையை விட்டு அசையவில்லை. பத்து அடி, பதினைந்து அடி. குடையை விரித்துத் தூக்கினால் என்ன என்று நினைப்பதற்குள் படகு தூரமாகிக்கொண்டிருந்தது.

துடுப்புகள் ஒரு கதிக்கு வந்த பிறகுதான் ஷாமினி தலையை நிமிர்த்தினாள். பார்வை இருபது தலைகளைத் தாண்டியது, சுக்கான்காரியைத் தாண்டியது, காலியான படித்துறையில் நின்ற சிவப்புச் சட்டைக்கு வந்து நின்றது. கை தாளத்தை விடவில்லை. பல் முழுக்கத் தெரிய ஒரு சிரிப்பு. அடுத்த அடி முந்தியதைவிட ஓங்கி விழுந்தது.

படகு சிறுத்துக்கொண்டே போனது. போகப் போக முகம் மட்டும் இந்தப் பக்கமே இருந்தது. பிறகு முகம் எது, டிரம் எது என்று தெரியவில்லை. பாலத்துப் பக்கம் ஒரு பெரிய இரைச்சல் எழுந்து அடங்கியது.

"யாரு ஜெயிச்சா அண்ணே?"

ஆரஞ்சு அங்கிக்காரர் கையை விரித்தார். "இங்க யாரு கிளம்பினாங்கன்னு மட்டும்தான் தெரியும், அக்கா."

பைக்குள் இரண்டு கைப்பேசிகளும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு அதிர்ந்தன. சந்திரகலா படித்துறையின் ஈரக்கல்லில் உட்கார்ந்தாள்.