மஹ்மூதா பீவி காதால் பார்த்த படங்கள்

மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிற பெண்கள் சினிமா பார்ப்பதில்லை. கேட்பார்கள். கண்ணும் கையும் இலைக்குச் சொந்தம். இலையைக் கத்தரித்து, தூளை நிரவி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றுகிற நேரத்தில் கண் ஒரு பக்கம் போனால் பீடி கோணிக்கொள்ளும். கோணின பீடியைக் கடையில் தள்ளிவிடுவார்கள். காது மட்டும் சும்மாதானே கிடக்கிறது? படம் அந்தக் காதுக்கு.

மஹ்மூதா பீவி வீட்டுக் கூடத்தில் தினமும் காலையில் ஐந்து பேர் இலையும் தூளும் பரப்பின முறத்தை, அவர்கள் சொல்லுகிற சுளவை, மடியில் வைத்து வட்டமாக உட்காருவார்கள். நடுவில் ஒரு பித்தளைக் கும்பா. செல்போனை அந்தக் கும்பாவுக்குள் இறக்கி வைத்தால் சத்தம் கணீரென்று எழும்பி வரும். உள்ளே முகங்கள் ஓடிக்கொண்டிருக்கும், எட்டிப் பார்க்க ஆள் கிடையாது.

தெலுங்குப் படம் தமிழில் பேசி வருகிறதே, அதுதான் அவர்களுக்கு இஷ்டம். அதில் சொந்தபந்தம் நிறைய. அண்ணன், தம்பி, மாமன், மச்சான், கல்யாண வீடு, பந்தியில் சண்டை எல்லாம் இருக்கும். ஒரு படம் முடிந்ததும் மஹ்மூதா கும்பாவிலிருந்து போனை எடுத்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். நாலு தெருப் பீடிக்காரப் பெண்கள் சேர்ந்த குழு அது. அவள் தீர்ப்புச் சொல்லாமல் அந்த நாலு தெருவிலும் ஒரு படம் ஓடாது.

"அஸ்ஸலாமு அலைக்கும். வில்லன்னு ஒருத்தன் வாரான்லா, அவன் கதாநாயகனுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பன். படம் எடுத்தவன் அதைப் பாதியிலயே மறந்துட்டான். சித்தப்பனை அந்த அடி அடிச்சவன் பொறவு சின்னம்மா முகத்துல எப்படி முழிப்பான்? அதைப் பத்திப் பேச்சே இல்ல. இது இலை வெட்டுற படம்."

இலை வெட்டுற படம் என்றால் கத்தரிச் சத்தத்தில் பாதி காதில் விழாவிட்டாலும் நஷ்டமில்லை என்று அர்த்தம். சுத்துற படம் என்றால் நல்ல படம். கை தன்னால் ஓடும், ஆயிரம் பீடி முடிந்ததே தெரியாது.

சண்டை வந்தால் இரைச்சல் என்று படத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள். சத்தமே இல்லாமல் போனாலும், "நின்னு போச்சு, தள்ளுளா" என்பாள் அலிமா பீவி. நஃபீஸத் கும்பாவுக்குள் விரலை விட்டுத் தள்ளிவிடுவாள். ஐந்து பேரில் இளையவள் அவள், போன் அவள் பொறுப்பு. அலிமா பீவிதான் மூத்தவள். எழுபத்தாறு வயசிலும் பல் ஒன்றும் ஆடவில்லை, நாக்கும் அப்படித்தான்.

இப்படி நடந்துவந்த வீட்டுக்குத்தான் நூகு திரும்பி வந்தான்.

நூகு மஹ்மூதாவின் புருஷன், மாமி மகன். அவன் பிறந்து நாற்பது நாள் கழியுமுன்னே உம்மாவுக்கு ஜன்னி கண்டது. அப்போது கைப்பிள்ளைக்காரியாக இருந்த அலிமா பீவிதான் மூன்று மாதம் பால் கொடுத்தாள். அந்த வகையில் அவள் அவனுக்குப் பால் உம்மா. கல்யாணமான மறுவருஷம் குவைத்துக்குச் சமையல் வேலைக்குப் போனான். இருபத்தேழு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருக்க இரண்டு மாதம் லீவு. கூட்டிப் பார்த்தால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தது மூன்று வருஷம்கூடத் தேறாது. இருக்கிற ஒரே மகள் அஃப்ராவையும் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. இனி யாருக்குச் சம்பாதிக்கணும், வீட்டுக்குப் போவோம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான்.

வந்து பார்த்தால் வீட்டில் அவனுக்கு இடம் இல்லை.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கூடம், ஒரு உள்ளறை, அதற்குப் பின்னால் அடுப்படி, புறவாசல். அவ்வளவுதான் வீடு. ஆம்பிளை வீட்டில் இருந்தால் அடுத்த வீட்டுப் பெண்கள் சிரித்துப் பேசி உட்கார மாட்டார்கள். முதல் நாள் உள்ளறையில் நூகு ஒரு இருமல் இருமினான். கூடத்தில் முக்காடுகள் ஒன்றாக ஏறின. படத்தை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலை பசியாறினதும், "ஒரு சோலி இருக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சோலி ஒன்றும் கிடையாது. பாளையங்கால்வாய்ப் பாலத்துத் திண்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பான். வெயில் ஏறினால் டீக்கடை. பாங்கு சொன்னால் பள்ளிவாசல். டீக்கடையில் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாம் கிழவர்களாக இருந்தார்கள். அவர்கள் பேசுகிற எந்தக் கதையிலும் நூகு இல்லை.

மஹ்மூதாவுக்கு இது தெரியாமலா இருக்கும்? சாயந்திரம் கறுத்து வாடிப்போய் வருகிற மனுஷனைப் பார்க்க மனசு கேட்கவில்லை. பெண்களிடம், "கொஞ்ச நாளைக்கு அலிமா மாமி வீட்டுல கூடுங்க" என்று சொல்லிவிட்டாள். தனியாக உட்கார்ந்து தனியாகக் கேட்டாள். பக்கத்தில் சண்டை போட ஆள் இல்லாமல் கேட்ட படம் உப்பில்லாக் கஞ்சி. மூன்றாம் நாள் போனைப் போடவே இல்லை. நூகு அதைக் கவனித்தான்.

"உன் ஆளுகளை ஏன் நிறுத்திட்ட?"

"நிறுத்தல மச்சான். அவங்களுக்கும் வேலை இருக்கும்லா."

இரண்டு நாள் கழித்துச் சோறு தின்கையில் நூகு சொன்னான்.

"திசையன்விளையில ஒரு ஏஜெண்டு இருக்காரு. சமையலுக்கு ஆள் கேக்காவளாம். ஒரு மூணு வருஷம் போயிட்டு வந்திருதேன். திங்கக்கிழமை பாஸ்போர்ட்டைக் கொடுக்கணும்."

ஐம்பத்தேழு வயசு, முழங்கால் வலி, சுகர் மாத்திரை. இந்த மனுஷன் காசுக்குப் போகவில்லை, பெண்களுக்குக் கூடத்தை விட்டுக்கொடுக்கத்தான் போகிறான் என்று மஹ்மூதாவுக்குப் புரிந்தது. போகாதிய என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், பின்னே எங்கன இருப்பேன் என்று கேட்பானே. குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அதற்குள் நூகு திரும்பப் போகிற விஷயம் தெருவுக்குத் தெரிந்து, பெண்கள் திரும்ப வர ஆரம்பித்துவிட்டார்கள். சனிக்கிழமை புதுப்படம் ஒன்று வந்திருந்தது. நஃபீஸத் கும்பா முன்னால் உட்கார்ந்து மஹ்மூதாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"லாத்தா, இது தமிழ்ல இன்னும் வரல. தெலுங்குல மட்டும்தான் இருக்கு. பத்து நாள் ஆகுமாம்."

"பத்து நாள் யாரு காத்துக் கெடக்கது? போடுளா. அழுகை எல்லா ஊருலயும் ஒண்ணுதானே" என்றாள் மஹ்மூதா.

படம் ஓடியது. ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் அரை மணி நேரத்தில் கதையைக் கட்டிவிட்டார்கள். அண்ணன் தம்பி பிரிந்திருக்கிறார்கள், தம்பி வீட்டில் கல்யாணம் வருகிறது, அண்ணன் பெண்டாட்டி கரகரவென்று கத்துகிறாள்.

"குடும்பத்தைப் பிரிச்சது இவதான். தொண்டையைக் கேட்டாலே தெரியலையா?" என்றாள் அலிமா பீவி.

"ஒங்க தொண்டையும் அப்படித்தான் இருக்கு மாமி" என்றாள் நஃபீஸத்.

"அதான் சொல்லுதேன். எனக்குத் தெரியாதா?"

வெளியே ஐப்பசி மழை ஊற்ற ஆரம்பித்தது. பாலத்தில் இருந்த நூகு முழுக்க நனைந்து ஓடிவந்தான். முன்வாசலில் பெண்களின் செருப்பைப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிப் புறவாசலில் நுழைந்தான். பைய அடுப்படி மணையில் உட்கார்ந்து துண்டால் தலையைத் துவட்டினான். அப்போதுதான் கும்பாவிலிருந்து வந்த தெலுங்கு காதில் விழுந்தது. துண்டு தலைமேலேயே நின்றுவிட்டது.

கூடத்தில் அலிமா பீவி அண்ணிக்காரியை மேலும் மேலும் திட்டிக்கொண்டிருந்தாள். நூகு பல்லைக் கடித்தான். மழை இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. கும்பாவிலிருந்து ஒரு சின்னப் பெண்குரல் என்னமோ சொல்லிற்று. அதோடு சத்தம் ஓய்ந்தது.

"நின்னு போச்சு, தள்ளுளா."

"தள்ளாதிய!"

கூடம் அதிர்ந்துவிட்டது. முக்காடுகள் ஏறின. அலிமா பீவி மட்டும் கழுத்தைத் திருப்பினாள்.

"அடுப்படியில யாரு? நூகா?"

"நான்தான்மா. மழைக்கு வந்தேன்."

"என்னத்தைத் தள்ளப்படாதுங்க?"

"அது நிக்கலம்மா. இப்பம்தான் அந்தப் பிள்ளை சொல்லிச்சு, பெரியப்பா வந்து வாசல்ல நிக்காவன்னு. அண்ணனும் தம்பியும் நேருக்கு நேரா நிக்காங்க போல. அதைத் தள்ளிட்டா அப்புறம் என்ன இருக்கு? யாராவது கும்பாவுக்குள்ள பாருங்க."

நஃபீஸத் சுளவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

"லாத்தா, ஓடுது. நிக்கல. அண்ணன் செருப்புகளுக்கு நடுவுல நிக்கான், உள்ள வரல. தம்பி பார்த்துட்டான். ஒண்ணும் பேசல. குனிஞ்சு… அண்ணன் கழட்டின செருப்பை எடுத்து, யாரும் மிதிக்காம ஓரமா வைக்கான்."

யாருடைய கையும் ஓடவில்லை.

அலிமா பீவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்பம் இத்தனை வருசமா நாம தள்ளினது எல்லாம்?"

"எல்லாம் இது மாதிரிதான் இருந்திருக்கும் மாமி" என்றாள் நஃபீஸத்.

"அட பாவி மக்கா! ஒருத்தி சொல்லலையே!"

அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மஹ்மூதா சிரிக்கவில்லை. அடுப்படிப் பக்கம் பார்த்தபடி இருந்தாள்.

"மச்சான், உங்களுக்குத் தெலுங்கு தெரியுமா?"

"தெரியாம? ரூமுல நாலு பேரும் கடப்பாக்காரனுவ. நான் ஒருத்தன்தான் நம்ம பக்கம். வெள்ளிக்கிழமை ஆனா படம் போடுவாங்க. மொதல்ல முழிச்சிக்கிட்டு இருப்பேன், பொறவு விளங்கிட்டு."

"ஒரு நாளும் சொல்லலையே."

"நீ கேக்கலையே புள்ள."

உண்மைதான். போனில் பேசினதெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா, கூரை ஒழுகுதா, அலிமா மாமிக்கு மருந்து வாங்கியாச்சா என்றுதான். ரூமில் யார் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்க நிமிஷம் போதாது. அந்தக் கேள்வியே அவளுக்கு இன்றைக்குத்தான் தோன்றியது.

"அது கிடக்கட்டும். அந்தக் கரகரத் தொண்டைக்காரி குடும்பத்தைப் பிரிச்சவதானே?" என்றாள் அலிமா பீவி.

"இல்லம்மா. 'தம்பி கூப்பிடலைன்னா என்ன, நம்ம வீட்டுப் பிள்ளை கல்யாணம், போங்க'ன்னு புருசனைப் புடிச்சுத் தள்ளினதே அவதான்."

அலிமா பீவி கொஞ்சம் யோசித்தாள். "அதான் பார்த்தேன். கரகரத் தொண்டைக்காரி கெட்டவளா இருக்க மாட்டா" என்றாள்.

படத்தில் சத்தம் நின்றுபோனால் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நஃபீஸத் குனிந்திருந்த நேரத்தில் அவள் சுளவில் பத்துப் பீடி நசுங்கிப் போயிருந்தது. சுளவு பிடிக்காத ஆள்தான் அதற்கு லாயக்கு. அந்த வீட்டில் சுளவு பிடிக்காத ஆள் ஒருத்தன்தான் இருந்தான். அலிமா பீவி தீர்மானித்துவிட்டாள்.

"மஹ்மூதா, உள்ளறை வாசல்ல ஒரு சேலையைக் கட்டு. கும்பாவை அவங்கிட்டக் கொடு. நாம என்ன, மூஞ்சியா பார்க்கப் போறோம்? சத்தம் சேலைக்கு இந்தப் பக்கம் வராமலா போயிரும்? ஏலே நூகு, பேசுறதையும் சொல்லு, பேசாததையும் சொல்லு. இடையில உன் பேச்சு வேண்டாம்."

சேலை கட்டியாயிற்று. முதலில் நூகுவின் குரல் தயங்கித் தயங்கித்தான் வந்தது. "இப்பம் பொண்ணு அழுது… இல்ல, அழல, அழப் போகுது." போகப் போகச் சூடு பிடித்தது. நஃபீஸத் கேள்வியை மஹ்மூதாவிடம் கேட்பாள், மஹ்மூதா சேலைக்குள் கேட்பாள், பதில் எல்லாருக்குமாக வெளியே வரும். நடுவில் நூகுவின் சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது. திசையன்விளை ஏஜெண்டு.

"அண்ணாச்சி, படம் ஓடிக்கிட்டு இருக்கு. பொறவு பேசுதேன்."

மஹ்மூதாவின் விரல் நூலைச் சுற்றிக்கொண்டே அதைக் கேட்டது.

படம் முடிந்ததும் அவள் போனை வாங்கித் தீர்ப்புச் சொன்னாள். "அஸ்ஸலாமு அலைக்கும். இது இலை வெட்டுற படமும் இல்ல, சுத்துற படமும் இல்ல. சுளவை இறக்கி வைக்கிற படம். சத்தம் நின்னா யாரும் தள்ளிராதிய."

"முடிவு சரியில்ல" என்றது சேலைக்குள்ளிருந்து குரல். "பத்து வருசக் கோவம். அண்ணன் பந்தியில உட்கார்ந்த உடனே சிரிச்சிருக்கப்படாது."

"சிரிக்காம? தம்பி செருப்பையே தொட்டுட்டான்லா?" என்றாள் மஹ்மூதா.

"தொட்டா? நாலு நாளாவது மொகத்தைத் தூக்கி வச்சிருக்கணும். அதான் அண்ணன்."

வாக்குவாதம் அப்படியே பதிவாகிக் குழுவுக்குப் போய்விட்டது. ஐந்து நிமிஷத்தில் நாலு தெருவிலிருந்தும் ஒரே கேள்விதான் வந்தது. யாரது ஆம்பிளைக் குரல்?

"லாத்தா, என்னன்னு சொல்ல?" என்று நஃபீஸத் பதறினாள்.

"எம் மவன்னு போடு" என்றாள் அலிமா பீவி.

பெண்கள் எழுந்து போனார்கள். மழை விட்டிருந்தது. நூகு புறவாசலில் நின்று ஏஜெண்டிடம் பேசினான்.

"இல்லவே, என்னால வர முடியாது. வேற ஆளைப் பார்த்துக்கிடும்… காரணம் என்ன காரணம், வீட்டுல வேலை இருக்கு."

மஹ்மூதா நாளைக்கான இலையைத் தண்ணீரில் நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்தாள். இரண்டு தம்ளரில் டீ ஊற்றிக்கொண்டு வந்து அவன் பக்கத்திலே படியில் உட்கார்ந்தாள். இருபத்தேழு வருஷக் கதை பாக்கி இருக்கிறது, எங்கே பிடித்து ஆரம்பிக்க என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த ரூமிலிருந்தே பிடித்தாள்.

"அந்த நாலு பேரு பேரு என்ன மச்சான்?"

நூகு டீயை ஆற்றினான். "மூத்தவன் வெங்கட சுப்பையா. கல்லுமாதிரி ஆளு. ஆனா படத்துல யாராவது செத்துட்டா அவனுக்குச் சோறு இறங்காது…"