ஏழு மைல் தூரத்துச் சாட்சி

காலை ஒன்பது மணிக்கு ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். தூரம் ஏழு மைல், டிக்கெட் மூன்றணா. யுத்தம் வந்து பெட்ரோலைக் கண்ணில் காண முடியாததால் பஸ் கரியில் ஓடுகிறது. பின்னாலிருக்கும் அடுப்பு சூடேறும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சும்மா உட்கார்ந்தால் உடம்பில் எறும்பு ஊருகிற சுபாவம் எனக்கு.

பக்கத்தில் காக்கி உடுப்பில் ஒரு பட்டாளத்துக்காரர். பெயர் தாவீது, தேவதானம் பக்கம். என்னைவிடத் தவித்துக்கொண்டிருந்தார்.

“பதினோரு மணிக்குக் கோர்ட்டுக் கச்சேரியில நிக்கணும் சார். செருப்புப் போட்டுத் தெருவுல நடந்தாருன்னு எங்க அப்பாவ அடிச்சிட்டாக. ஊரே பாத்துச்சி. சாட்சி சொல்ல நான் ஒருத்தன்தான். நான் போகலைன்னா கேஸு அம்புட்டுதான்.”

ஒன்பதே முக்காலுக்கு வண்டி நகர்ந்தது. மூன்றாம் மைல்கல்லில், தோப்பு வாசலிலிருந்து பண்ணையார் ஒருவர் கைகாட்டினார். இரண்டு நாளாக ராஜபாளையத்தில் நான் விருந்து சாப்பிட்டது அவர் வீட்டில்தான். நல்ல மனிதர், நெய்யை வஞ்சனையில்லாமல் ஊற்றுவார். படியில் கால் வைத்தவர் தாவீதைப் பார்த்து அப்படியே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியவர்கள் பேசினார்கள்.

“ஏலே, எந்திரி. மேல சாமான்கிட்ட ஏறிக்கிடு” என்றார் கண்டக்டர்.

“நானும் டிக்கெட்டு எடுத்திருக்கேன். எதுக்கு எந்திரிக்கணும்?”

“அவிய நிக்கிறாகல்ல, கண்ணு தெரியலையா?”

பின்னாலிருந்து ஒருவர், “செத்த நேரந்தானப்பா, எதுக்கு வம்பு?” என்றார். வண்டி கிளம்பினால் போதும் அவருக்கு. எனக்கும்தான்.

தாவீது என் பக்கம் திரும்பினார். “சார், நீங்களாச்சும் சொல்லுங்க.”

நேற்றுச் சாப்பிட்ட இலை கண்முன் வந்தது. சோறு போட்டவரை நாலு பேர் நடுவில் எதிர்த்துப் பேசுவதா? மரியாதை என்று எனக்குச் சிறு வயதிலிருந்தே ஊட்டி வளர்த்தது இதைத்தான்.

“அடுத்த பஸ்ஸில் வாங்களேன்” என்றேன். அடுத்த பஸ் பன்னிரண்டு மணிக்கு என்பது எனக்குத் தெரியும்.

கூரைமேல் ஏற அவர் சம்மதிக்கவில்லை. இறங்கி நடக்கத் தொடங்கினார். பண்ணையார் அந்த இடத்தில் உட்கார்ந்து, “பயணம் சௌகரியந்தானா?” என்று கேட்டார். “சௌகரியம்” என்றேன். வெட்கங்கெட்ட வாய்.

பத்தே முக்காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரம் பார்க்க வந்தவன் கச்சேரி வராந்தாவில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தேன். பதினொன்றுக்கு டவாலிச் சேவகர் வெளியே வந்து தாவீதின் பெயரை மூன்று முறை கூவினார். உள்ளே ஓடினேன்.

“வந்துகொண்டிருக்கிறார். பஸ் வழியில் பழுதாகி நிற்கிறது” என்றேன்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். “நீங்கள் எதில் வந்தீர்கள்?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பண்ணையார் பெயரைச் சொல்லாமல் பின்வாங்கினேன். வழக்கு தள்ளுபடியானது.

ராஜபாளையம் சாலையில் திரும்பி நடந்தேன். ஊர் எல்லையில் தாவீது எதிரே ஓடிவந்தார். சட்டை முழுக்க வேர்வை.

“கூப்பிட்டாகளா சார்?”

“மூன்று தடவை.”

“நீங்க அங்கனதான் இருந்தீகளா?”

“இருந்தேன்” என்றேன்.