பதினோரு முட்டையும் ஒரு சத்தியமும்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கொல்லையில் பதினோரு முட்டைகள் உடைபட்டன.

"அதனால் என்ன?" என்று கேட்கிறவர்கள் எங்கள் குடும்பத்தை அறியாதவர்கள். எனக்குத் தெரிந்து நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழைந்ததில்லை. கோழி நுழைந்திருக்கிறது – பக்கத்து வீட்டுக் கோழி, மதில் தாண்டி. அதைக்கூடக் கும்பிடாத குறையாக வெளியே அனுப்பிவைப்போம்.

அப்படிப்பட்ட வீட்டில் பதினொன்று! அதில் ஐந்து என் கையால்!

அதிர்ச்சி எனக்கு இன்னும் தெளியவில்லை. முட்டை உடைந்ததற்காக அல்ல. அன்றைக்கு உடைந்ததிலேயே சின்ன விஷயம் முட்டைதான்.

சனிக்கிழமை காலை பாசஞ்சரில் கோகிலா வந்து இறங்கினாள். என் மனைவி சாரதாவின் தங்கை. அண்ணாமலை நகரில் குடியிருக்கிறாள். அவள் கணவர் தணிகாசலம் – அதாவது என் சகலை – அங்கே ரசாயனம் நடத்தும் வாத்தியார். ஸ்காலர்ஷிப் கிடைத்து இரண்டு வருஷம் பாரிஸில் இருந்துவிட்டு, எட்டு மாதத்துக்கு முன் கப்பலில் திரும்பியவர்.

திரும்பினாரா என்பதே சந்தேகம். உடம்பு மட்டும்தான் வந்தது. வத்தக்குழம்பைப் பிசைந்துகொண்டே, "அங்கே ஒரு சாக்லேட் கிரீம் உண்டு..." என்று ஆரம்பிப்பார். சின்னச் சின்னப் பீங்கான் கிண்ணம். மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஸ்பூனை வைத்தால் பட்டு கிழிகிற மாதிரி உள்ளே போகுமாம். நாக்கில் வைத்தால் மெல்ல வேண்டாம், விழுங்க வேண்டாம், அதுவே கரைந்து போய்விடுமாம். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கோகிலா சோற்றுக் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பாள்.

எட்டு மாதம் இதைக் கேட்டால் எந்தப் பெண்தான் ரயிலேற மாட்டாள்?

"மாமா, நீங்க படிக்காத புஸ்தகம் கெடையாது. அந்தக் கிரீமை எப்படிச் செய்யறதுன்னு சொல்லுங்க. நாளைக்கு மத்தியானம் என்னைக் கூட்டிக்கிட்டுப் போக அவரு வராரு. வர்றப்போ அது இங்க இருக்கணும்" என்றாள்.

"என்னம்மா அவசரம்?"

"மறுபடி கடுதாசி வந்திருக்கு மாமா. மூணு வருஷத்துக்குக் கூப்புடறாங்க. புஸ்தகத்துக்கு அடியில வச்சிருந்தாரு, தூசி தட்டறப்போ பாத்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அந்தக் கிரீமை நெனச்சித்தான் போறாரு, எனக்குத் தெரியும்."

ஒரு கிண்ணம் பாயசத்துக்காக எவனாவது கடல் தாண்டுவானா என்று கேட்க வாயெடுத்தேன். சென்ற வருஷம் நான் ஒரு அல்வாவுக்காகத் திருநெல்வேலி வரை போனதை சாரதா அறிவாள். வாயை மூடிக்கொண்டேன்.

புத்தகத்தில் படித்துச் சமைப்பது, புத்தகத்தில் படித்து நீந்துவதைப் போன்றது. அதனால் அடுத்த தெரு லூர்துசாமியிடம் போனேன். புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் சமையல் பார்த்துவிட்டு, பென்ஷனோடு திருப்பாதிரிப்புலியூரில் வந்து உட்கார்ந்திருப்பவர். அவர் என்னை 'முசே' என்பார். நானும் அவரை 'முசே' என்பேன். எங்கள் இருவருக்கும் பொதுவான பிரெஞ்சு அவ்வளவுதான்.

"க்ரேம் ஓ ஷொக்கொலாவா? ரொம்ப சுளுவு முசே! பாலு, சர்க்கரை, ஷொக்கொலா – அது எங்கிட்ட ஒரு கட்டி இருக்கு – அப்பறம் மஞ்சக் கரு ஆறு."

"எதன் மஞ்சள் கரு?"

லூர்துசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யானை முட்டை போடறதில்லயே முசே."

நான் சொல்லிக்கொள்ளாமலே திரும்பி நடந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு முன்னால், கப்பலேறப் போகிற கணவரை நடராஜர் சன்னதிக்கு அழைத்துப் போய், எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் கோகிலா ஒரு சத்தியம் வாங்கினாள். 'போற எடத்துல முட்டைகூடத் தொட மாட்டேன்.' சாட்சி, பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற நான்.

வீட்டுக்கு வந்து, முடிந்த மட்டும் சுற்றி வளைத்துச் சொன்னேன். எவ்வளவு வளைத்தாலும் கடைசியில் முட்டையில்தானே வந்து நிற்க வேண்டும்!

கோகிலா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "அப்போ ரெண்டு வருஷமா சாப்ட்டிருக்காரு" என்றாள். "சாப்ட்டது போதாதுன்னு வந்து எங்கிட்டயே அது எப்படி இருக்கும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு... நானும் வாயப் பொளந்துகிட்டுக் கேட்டிருக்கேன்."

"விட்டுத் தள்ளுடி. நாளைக்குப் பால் பாயசம் வச்சிடலாம்" என்றாள் சாரதா.

"இல்லக்கா. அதையேதான் செய்யணும். முட்டை போட்டே செய்யணும். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சாப்புடறாருன்னு நான் பாக்கணும். அப்பறம் பாரிசுக்குப் போவட்டும், எங்க வேணா போவட்டும்."

நேற்றுவரை அது ஒரு தின்பண்டம். இப்போது அது ஒரு விசாரணை.

முட்டை வாங்க நம் கடைத்தெருவில் போக முடியுமா? மஞ்சக்குப்பம் போனேன். போகிற வழியெல்லாம் தெரிந்த முகம் எதுவும் வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பும்போது, எதிரே தமிழாசிரியர் ஒருவர். "பையில என்ன சார்?" "புஸ்தகம்." "புஸ்தகத்தை இவ்வளவு பத்திரமாத் தூக்கிட்டுப் போற ஒரே எழுத்தாளர் நீங்கதான் சார்!" என்று கண் கலங்கினார். மன்னிக்க வேண்டும், ஐயா. இந்தப் பத்தியை நீங்கள் வாராவாரம் படிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

சாரதா நிபந்தனை போட்டாள். அடுப்படியில் நடக்காது – கொல்லையில் மூன்று கல் வைத்து அடுப்பு. பாத்திரம் எதுவும் திரும்ப உள்ளே வரக்கூடாது. தொட்டவர்கள் தலைமுழுகிவிட்டுத்தான் படியேற வேண்டும். அவள் கொல்லைக் கதவுக்கு உள்பக்கமே, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு நிற்பாள்.

ஞாயிறு காலை. வாழை மரத்தடியில் நாற்காலி போட்டு லூர்துசாமி உட்கார்ந்தார். முட்டை என் கைக்கு வந்தது.

எங்கள் வீட்டு ஆண்களுக்கு உடைக்கத் தெரிந்த ஒரே பொருள் தேங்காய். இடது உள்ளங்கையில் முட்டையை நிறுத்தினேன். கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். அரிவாளின் பின்புறத்தால் நடுவில் ஒரு போடு.

"முசே! முசே! தேங்கா இல்ல அது!"

சட்டையெல்லாம் வழிந்தது. இரண்டாவதைத் துவைக்கிற கல்லில் சூறைவிட்டேன். மூன்றும் நான்கும் எப்படிப் போயின என்று நினைவில்லை. ஐந்தாவது, நான் அடிக்காமலேயே உடைந்தது. பயத்தால் இருக்கலாம்.

"நீ எடும்மா. உங்க மாமா பேனாவைப் பிடிக்கட்டும்" என்றார் லூர்துசாமி.

மிச்சம் இருந்தது சரியாக ஆறு. கோகிலா முட்டையைக் கையில் எடுத்தாள். பாத்திர ஓரத்தில் ஒரு தட்டு, இரண்டு ஓட்டுக்கும் இடையே மஞ்சளை மாற்றி மாற்றி உருட்டி, வெள்ளையைக் கீழே வழியவிட்டு... ஆறும் பழுதில்லாமல் வந்தன. கோபத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கை எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது!

காய்ச்சிய பாலில் சாக்லேட் கரைந்தது. "இப்பத்தான் உஷாரா இருக்கணும். பாலை நூல் மாதிரி ஊத்து. அவசரப்பட்டியோ, மஞ்சக் கரு திரிஞ்சிப் பொரியலாப் பூடும்!" அவள் நூலாக ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே கலக்கினாள். புது மல் துணியில் வடிகட்டினாள்.

"ருசி பாரும்மா. சர்க்கரை போதுமா?"

கோகிலா ஒரு நிமிஷம் தயங்கினாள். எங்கள் வீட்டுப் பெண்கள் சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. சாமிக்குக் காட்டுவதற்கு முன் நாக்கில் பட்டால் எச்சில். உப்பைக்கூட வாசனையில் கண்டுபிடிப்பார்கள். ஆனால் இதை எந்தச் சாமிக்குக் காட்டுவது? கரண்டி ஓரத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். "போதும்" என்றாள். இன்னொரு தடவை வழித்து வைத்தாள். "ம்... போதும்."

நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆறு சின்னப் பீங்கான் கிண்ணம். அகலமான பாத்திரத்தில் வெந்நீர், அதில் கிண்ணங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூடி. தணிந்த தீ. "ஓரம் பிடிச்சிக்கினு, நடு மட்டும் லேசா ஆடணும். அப்ப எறக்கு" என்றார் லூர்துசாமி. இறக்கி, பானையில் ஈர மணல் கொட்டி, அதில் கிண்ணங்களைக் கழுத்தளவு புதைத்து, மேலே ஈரத் துணி போட்டு, நிழலில் வைத்தோம்.

தலைமுழுகிவிட்டு வந்து உட்கார்ந்தபோது எனக்குத் தோன்றியது: ரயில் தாமதமாக வரட்டுமே. முடிந்தால் வராமலே போகட்டுமே.

சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது.

தணிகாசலம் சிரித்துக்கொண்டே நுழைந்தார். "என்னண்ணே, எல்லாரும் எழவு வீட்டுல இருக்கற மாதிரி இருக்கீங்க?"

நான் அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். கோகிலா ஒரு கிண்ணத்தைத் துடைத்து, ஸ்பூனோடு அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, எதிரே நின்று முகத்தையே பார்த்தாள். கதவுக்கு உள்ளே சாரதா. நாற்காலியில் லூர்துசாமி. ஒரு கிண்ணத்தைச் சுற்றி நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததை என் வாழ்நாளில் கண்டதில்லை.

அவர் முகம் குழந்தை முகமாக மாறியது. கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். "கோகிலா... இதேதான். அச்சு அசல் இதேதான்!"

"சாப்புடுங்க."

ஸ்பூனை எடுத்தார். மேலே தொட்டார். பட்டு கிழிகிற மாதிரியேதான் உள்ளே போனது. ஸ்பூன் பாதி வழி வந்தது... நின்றது.

அவர் அதைத் திரும்பக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டார்.

"இதுல முட்டை இருக்குமேம்மா."

"அங்க இல்லாமத்தான் இருந்துதா?"

"அங்கயும் இருக்கும். அதனாலதான் தொடல."

கோகிலா கிண்ணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தொடலயா? பின்ன கரைஞ்சிபூடும், விழுங்க வேணாம்னீங்களே?"

"நான் குடியிருந்த வீட்டுக்குக் கீழதான் அந்தக் கடை. ரெண்டு வருஷமும் போறப்ப வர்றப்ப கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாப்பேன். ருசி எப்படின்னு வீட்டுக்காரம்மாவைக் கேப்பேன். அவுங்க சாப்ட்டுக்கிட்டே சொல்லுவாங்க." வெட்கத்தோடு சிரித்தார். "சாப்ட்டிருந்தா மறந்திருப்பேன்."

இரண்டு வருஷம்! பாரிஸில்! ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டு! நானாக இருந்தால் கப்பல் ஏடனைத் தாண்டுவதற்குள்... சரி, அது வேண்டாம்.

கோகிலாவின் கண் நிரம்பியது. சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஐயையோ..."

"என்னடி?" என்றாள் சாரதா, உள்ளிருந்து.

"நான் ருசி பாத்துட்டேங்கா! ரெண்டு தடவ!"

சத்தியம் செய்தவர் கடல் கடந்து போய்க் காப்பாற்றியதை, சத்தியம் வாங்கியவள் திருப்பாதிரிப்புலியூர் கொல்லையில், வாழை மரத்தடியில் உடைத்துவிட்டாள். லூர்துசாமி எழுந்து நின்றே விட்டார்.

தணிகாசலம் அவளைப் பார்த்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு அடி முன்னால் வந்து, ரகசியம் கேட்கிற மாதிரி குனிந்தார்.

"எப்படிம்மா இருந்துது?"

கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல லேசாக் கசந்துது. அப்பறம் கசப்பு போயி... எங்க போச்சின்னே தெரியல."

"கரைஞ்சிதா?"

"கரைஞ்சிது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வத்தக்குழம்புக்கு முன்னால் மூடுவாரே, அதே மாதிரி.

"புஸ்தகத்துக்கு அடியில ஒரு கடுதாசி..." என்று அவள் இழுத்தாள்.

"அதுக்குப் பதில் போட்டு மூணு வாரமாச்சி. ரெண்டு பேருக்கு எடம் குடுத்தா வரேன், இல்லாட்டி வரலன்னு எழுதிட்டேன். அவுங்க சரின்னு சொன்னப்பறம் உங்கிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒற்றை ஆளாக நிற்பது இரண்டு வருஷத்துக்குப் போதும் என்றும் சொன்னார். கோகிலா கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கி மணலிலேயே திரும்ப வைத்தாள். புடவைத் தலைப்பால் ஈர மணலைத் தட்டிவிடுகிற சாக்கில் அவர் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். லூர்துசாமியும் நானும் வாழைக்குலையை மிகுந்த அக்கறையோடு பார்வையிட்டோம்.

பிறர் ஆசையை நாம் எவ்வளவு சுலபமாகக் குற்றமென்று எழுதிவிடுகிறோம்! நான் மட்டும் என்ன, சனிக்கிழமையே தீர்ப்பு எழுதி வைத்திருந்தவன்தானே?

சாயங்கால வண்டிக்கு அவர்களை ஏற்றிவிட ஸ்டேஷனுக்குப் போனேன். லூர்துசாமியும் பாதி வழி வந்து பிரிந்துகொண்டார். திரும்பி நடக்கும்போது ஒரு எண்ணம்... ஆறு கிண்ணம் அப்படியே இருக்கிறது. ஐந்து முட்டையை உடைத்த பாவம் ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது. இன்னொரு ஸ்பூனால் கூடுதலாக என்ன ஆகிவிடும்?

நேரே கொல்லைக்குப் போனேன்.

ஆறு கிண்ணங்களும் காலி.

கதவருகே சாரதா ஈரத் தலையை உலர்த்திக்கொண்டு நின்றாள். காலையில் கதவைத் தாண்டவே இல்லையே, இவள் எதற்குத் தலைமுழுகினாள்?

"பூனை வந்து நக்கிடுச்சிங்க" என்றாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

இருக்கலாம். ஆனால் நக்கிய கிண்ணங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வரிசையாகக் கவிழ்த்து வைக்கிற பூனையை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.